செருப்பு தைத்தவரின் ஊருக்கு ஆறு நாள்

செப்டம்பர் 25, வியாழன். மிலான்

தோல் கண்காட்சி மதியத்தோடு முடிந்தது. கூட வந்த மேனேஜர் சாரும் கட்டிங் மாஸ்டரும் இரவு விமானத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தங்கிவிட்டேன். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் 14 வருஷமாகச் சாம்பிள் ரூமில் இருக்கிறேன். இத்தாலிக்கு இன்னொரு தடவை யார் அனுப்பப் போகிறார்கள்? வந்தது வந்தோம், உலகப் புகழ்பெற்ற இத்தாலியச் செருப்புக் கலைஞர் சல்வதோரே ஃபெர்ரகாமோவின் வீட்டையும் ஊரையும் பார்த்துவிட்டே திரும்புவது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன்.

அப்பா 31 வருஷம் லாஸ்டிங்கில், அதாவது ஷூவின் மேல்தோலை அச்சில் இழுத்து மாட்டும் வேலையில் நின்றவர். வெளிநாட்டு பையர் யாரோ விட்டுப்போன பத்திரிகையிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து வந்து காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று அடுக்கடுக்காக அடிப்பாகம் எழும்பிய ஒரு செருப்பு, மேலே தங்க நிறத்தில் பட்டை. "இதப் போட்டவங்க பேரு கீழ இருக்கு. செஞ்சவன் பேரும் இருக்கு பாரு. அவன் நம்மள மாதிரி ஒக்காந்து தச்சவம்மா" என்பார். அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. அந்தக் காகிதம் பழுத்துப்போய் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

மிலானில் விடாத தூறல். நான் போட்டிருப்பது எங்கள் சாம்பிள் ரூமிலேயே செய்த கறுப்பு ஷூ, 37ஆம் அளவு, ஐந்து சென்டிமீட்டர் ஹீல். ஃப்ளெக்ஸ் டெஸ்ட், ஹீல் டெஸ்ட் எல்லாம் பாஸானது. கண்காட்சியில் மூன்று நாள் நின்றதற்கே இரண்டு சுண்டுவிரலும் சிவந்துவிட்டன. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்துப் படுக்கிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி. ஃப்ளோரன்ஸ்

சரியாகவில்லை. ஸ்டேஷனிலிருந்து தங்கும் இடம் வரை கல் பாவிய தெரு. பெட்டியை இழுத்துக்கொண்டு இருபது நிமிஷம் நடந்ததில் வலது சுண்டுவிரலில் கொப்புளம் உடைந்து சாக்ஸ் ஒட்டிக்கொண்டது. மருந்துக்கடைப் பெண் வெளியே வந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்து, குனிந்து காலைப் பார்த்து, புண்ணுக்கு ஒட்டுகிற ஜெல் பிளாஸ்டரைத் தானே ஒட்டிவிட்டாள். 7 யூரோ, நம் கணக்கில் 700 ரூபாய்க்கு மேல். விலையைக் கேட்டு மனசு துணுக்குற்றது உண்மை. ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தி என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டதற்கு விலை போட முடியாது.

அடுத்து ஒரு சதுக்கத்தில் உட்கார்ந்து காபி சொன்னேன். 5 யூரோ பில் வந்தது. பக்கத்துச் சந்தில் கவுண்டர் ஓரம் நின்று குடித்தால் அதே காபி 1.40. இங்கே காபிக்குக் காசு கம்மி, நாற்காலிக்குத்தான் காசு.

சாப்பாட்டில் ஒரு பெரிய ஆச்சரியம், இந்த ஊர் ரொட்டியில் உப்பே கிடையாது. மறந்துவிட்டார்களோ என்று கடைக்காரரிடம் சைகையில் கேட்டேன். டஸ்கனியில் காலங்காலமாக இப்படித்தானாம். கூட வைத்துச் சாப்பிடும் சீஸும் இறைச்சியும் உப்பாக இருப்பதால் ரொட்டி சப்பென்று இருப்பதே சரி என்று இரண்டாவது வாயில் புரிந்தது. மதியம் தள்ளுவண்டியில் லாம்ப்ரெதோத்தோ. மாட்டின் நான்காவது இரைப்பையைத் தக்காளி, வெங்காயம், செலரியோடு வேகவைத்து, பொடியாக நறுக்கி, பன்னுக்குள் வைத்து, பன்னின் மேல்பாதியை அந்தக் குழம்பிலேயே ஒரு முக்கு முக்கித் தருகிறார்கள். மேலே ஒரு பச்சைச் சட்னி. ஆம்பூரில் போட்டிக் கறி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அந்நியமாகவே இல்லை. காரம் மட்டும்தான் குறை. வண்டிக்காரர் நான் முழுதாக முடிக்கும் வரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்து, முடித்ததும் கட்டைவிரலை உயர்த்தினார்.

சாயங்காலம் சாண்டா குரோச்சே தேவாலயத்துக்குப் பின்னால் தோல் வேலைப் பள்ளிக்கூடம் போனேன். போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க 1950இல் பிரான்சிஸ்கன் துறவிகளும் ஊர்த் தோல் வியாபாரக் குடும்பங்களும் சேர்ந்து தொடங்கியது. உள்ளே நுழைந்ததும் மூக்கு நின்றுவிட்டது. மரப்பட்டையில் பதனிட்ட தோலின் வாசனை. எங்கள் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்தைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். குரோம் ரசாயனத்தில் பதனிடுவது வந்த பிறகு அந்த வாசனையும் போயிற்று, பாலாற்றுத் தண்ணீரும் போயிற்று. ஒரு இளைஞன் கத்தியைத் தோலின் விளிம்பில் சாய்த்து, ஓரத்தை மெல்லிதாகச் சீவும் ஸ்கைவிங் செய்துகொண்டிருந்தான். கை என்னை அறியாமல் அசைந்தது. அவன் பார்த்துவிட்டான். கத்தியைத் திருப்பிப் பிடியை என் பக்கம் நீட்டினான். இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டினேன். "பிராவா" என்றான். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பேச வார்த்தை இல்லை.

செப்டம்பர் 27, சனி. ஃப்ளோரன்ஸ், இரவு நேப்பிள்ஸ்

காலையில் வெயில். ஆர்னோ ஆற்றங்கரையில் சாண்டா திரினிதா பாலத்தை ஒட்டி நிற்கிறது பலாட்சோ ஸ்பினி ஃபெரோனி. அரண்மனை என்பதைவிடக் கோட்டை என்றால் பொருந்தும். கரடுமுரடான கல், மேலே கொத்தளப் பற்கள். 1289இல் ஜெரி ஸ்பினி என்ற வணிகர் கட்ட ஆரம்பித்தது. ஃப்ளோரன்ஸ் இத்தாலிக்குத் தலைநகரமாக இருந்த 1865 முதல் 1871 வரையான காலத்தில் நகராட்சி அலுவலகமே இதில்தான் நடந்திருக்கிறது. இதை 1938இல் ஃபெர்ரகாமோ என்ற செருப்புத் தொழிலாளி தவணையில் பணம் கட்டி வாங்கினார். அதுவும் 1933இல் திவாலாகி ஐந்தே வருஷத்தில். அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது அவருடைய வாடிக்கையும் சேர்ந்து சரிந்திருந்தது. கடன் வைத்துத் தொழில் செய்கிற ஊரிலிருந்து வந்தவளுக்கு அந்த ஐந்து வருஷத்தின் பாரம் தெரியும்.

தரைத்தளத்தில் கடை. கண்ணாடிக்குப் பின்னால் பைகளும் ஷூக்களும். விலைச்சீட்டைத் தேடவில்லை. நான் வந்தது அடித்தளத்தில் இருக்கும் மியூசியத்துக்கு.

படியிறங்கிக் கொஞ்ச தூரத்திலேயே லாஸ்ட்டுகள். மரத்தில் கடைந்த கால் அச்சுகள், ஜோடி ஜோடியாக, ஒவ்வொன்றின் மேலும் காலுக்குரியவரின் பெயர். ஆட்ரி ஹெப்பர்ன், மர்லின் மன்றோ, சோஃபியா லோரன். எல்லோரும் பெயரைப் படித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்கு நகர முடியவில்லை. ஒரு அச்சில் விரல் முட்டிக்குப் பக்கத்தில் சின்னத் தோல் துண்டு ஒட்டி ஓரம் சீவி இழைத்திருந்தது. அந்தக் காலில் அங்கே எலும்பு துருத்தியிருக்க வேண்டும். அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், அந்த இடத்தில் அழுத்தாமல் இருக்க, அச்சிலேயே அவ்வளவு இடம் கூட்டி வைத்திருக்கிறார்கள். அப்பா இதையேதான் செய்வார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குக் கட்டைவிரல் வளைந்திருந்தது. கம்பெனியில் கழித்துப்போட்ட அச்சைக் கொண்டுவந்து, தோல் துண்டு ஒட்டி, கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி அவருக்கு மட்டும் ஒரு செருப்பு செய்து கொடுத்தார். திரை நட்சத்திரத்தின் காலுக்கும் எங்கள் தெருப் பெரியம்மாவின் காலுக்கும் வைத்தியம் ஒன்றேதான்.

ஃபெர்ரகாமோவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1898 ஜூன் 5இல் போனிட்டோ என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார், 14 பிள்ளைகளில் 11ஆவது. செருப்புத் தைப்பது இழிவான வேலை என்று வீட்டில் தடுத்தார்கள். இந்த வரியை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒன்பது வயதில் தங்கையின் புதுநன்மைச் சடங்குக்கு வெள்ளை ஷூ வாங்க வீட்டில் வழியில்லை. மரக்கட்டைச் செருப்போடு கோயிலுக்குப் போனால் ஊர் சிரிக்கும். பையன் தெருச் செருப்புக்காரரிடம் சாமான் கேட்டு வாங்கி வந்து ஒரே ராத்திரியில் தைத்து முடித்துவிட்டான். அதற்குப் பிறகு யாரும் தடுக்கவில்லை. நேப்பிள்ஸில் தொழில் கற்று, பதின்பருவத்திலேயே கப்பலேறி பாஸ்டனில் அண்ணன் வேலை செய்த பூட் கம்பெனிக்குப் போனார். மெஷின் செய்த ஷூ அவருக்குப் பிடிக்கவில்லை. கலிபோர்னியாவுக்குப் போய் மௌனப் படங்களுக்குக் கௌபாய் பூட்டும் பழங்காலச் செருப்பும் செய்தார். 1923இல் ஹாலிவுட்டில் சொந்தக் கடை.

எனக்கு முக்கியமானது இதற்கடுத்த பகுதி. நட்சத்திரங்கள் அவர் ஷூவைப் புகழ்ந்தார்கள். ஆனாலும் கால் வலித்தது. ஏன் வலிக்கிறது என்று தெரிந்துகொள்ள லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள பல்கலைக்கழகத்தில் மனித உடற்கூறு படிக்கப் போனார், கடை நடத்திக்கொண்டே. கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதுபோல் உடம்பின் பாரத்தைப் பார்த்தார். நேராக நிற்கும்போது பாரம் வந்து இறங்குவது உள்ளங்கால் வளைவில். அப்போதைய ஷூக்களோ குதிகாலையும் முன்பாதத்தையும் தாங்கிவிட்டு நடுவில் காலை அந்தரத்தில் விட்டிருந்தன. தாங்கல் இல்லாத கால் முன்னால் வழுக்குகிறது, விரல்கள் போய் நசுங்குகின்றன. வளைவுக்குக் கீழே ஷாங்க் என்ற எஃகுப் பட்டை வைத்துத் தூக்கிப் பிடித்தார்.

இதைப் படித்த இடத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து என் ஷூவைக் கழற்றினேன். வலது ஷூவுக்குள் பாதி காலை விட்டு, வளைவுக்கும் இன்சோல் என்ற உள்தளத்துக்கும் நடுவில் விரலை நுழைத்தேன். ஆள்காட்டி விரல் முழுசாக உள்ளே போனது. 14 வருஷத்தில் எத்தனை சாம்பிளுக்கு 'ஃபிட் ஓகே' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஃபிட்டிங் பார்க்கும் பெண் போட்டுக்கொண்டு பத்து அடி நடப்பாள், அவ்வளவுதான். ஒரு முழு நாள் யாரும் அதில் நடந்ததில்லை. நானும் நடந்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றதைப் பார்க்க எழுந்தேன். அப்பாவின் சுவரில் இருக்கும் அந்த வானவில் செருப்பு, 1938இல் ஹாலிவுட் நடிகை ஜூடி கார்லண்டுக்காகச் செய்தது. அது தக்கை. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி எத்தியோப்பியாவின் மேல் படையெடுத்ததற்காக 1935இல் ஐ.நா.வுக்கு முன்பிருந்த லீக் ஆஃப் நேஷன்ஸ் இத்தாலிக்குத் தடை விதித்தது. நல்ல எஃகு கிடைக்கவில்லை, கிடைத்ததில் செய்த ஷாங்க் உடைந்தது. சார்டீனியாத் தீவின் தக்கையைத் துண்டு துண்டாக ஒட்டி, குதிகாலிலிருந்து முன்பாதம் வரை இடைவெளியே இல்லாமல் நிரப்பிவிட்டார். உலகமெல்லாம் இன்று வெட்ஜ் ஹீல் என்று போடுவது அப்படிப் பிறந்தது. நான் மாதம் நான்கு வெட்ஜ் சாம்பிளாவது பார்க்கிறவள், அதன் தாயை இன்றுதான் பார்த்தேன். ஆனால் எஃகு எங்கே போனது என்பதும் மனதை அறுத்தது. அது எத்தியோப்பியர்களைக் கொல்லப் போனது. ஃபெர்ரகாமோ கையில் பிடித்துப் பார்த்த கால்களில் முசோலினியுடையதும் உண்டு. அதைச் சொல்லாமல் தக்கையை மட்டும் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

தோல் கிடைக்காத காலத்தில் சணல், கோரை, மீன் தோல், மிட்டாய் சுற்றி வரும் செல்லோஃபேன் காகிதம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அப்பராக்கியிருக்கிறார். 1947இல் மீன் பிடிக்கும் நைலான் நரம்பில் அப்பர் வைத்து, மேல்பாகம் கண்ணுக்கே தெரியாத ஒரு செருப்பு. அதே வருஷம் அமெரிக்காவில் நைமன் மார்கஸ் ஃபேஷன் விருதை, பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோரோடு சேர்ந்து வாங்கினார். நம் நாட்டுத் தொடர்பும் ஒன்று உண்டு. கூச் பிஹார் மகாராணி இந்திரா தேவி நூறு ஜோடிக்கு மேல் ஆர்டர் கொடுத்து, பதிப்பதற்குத் தன் முத்தையும் வைரத்தையும் தானே அனுப்பிவைத்தார்.

ஒரு கணக்கு மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1950 வாக்கில் அவரிடம் 700 தொழிலாளிகள், ஒரு நாளைக்கு 350 ஜோடி. அப்படியென்றால் ஒரு ஜோடிக்கு இரண்டு ஆளின் முழுநாள் உழைப்பு. எங்கள் லைனில் ஒரு ஆபரேட்டருக்கு ஒரு ஜோடிக்குக் கிடைப்பது நிமிஷத்துக்கும் குறைவான நேரம்.

வெளியே வந்து பாலத்தில் நின்றேன். 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை இதை வெடி வைத்துத் தகர்த்திருக்கிறது. ஆற்றுக்குள் விழுந்த கற்களை எடுத்துப் பழையபடியே 1958இல் கட்டி முடித்தார்கள். மூலையில் நிற்கும் வசந்தகாலத்தின் சிலைக்குத் தலை மட்டும் கிடைக்காமல், 1961இல்தான் ஆற்றிலிருந்து வந்து சேர்ந்தது. கழுத்தில் ஒட்டிய கோடு தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். இரவு ரயிலில் நேப்பிள்ஸ்.

செப்டம்பர் 28, ஞாயிறு. நேப்பிள்ஸ், க்ரோட்டாமினார்தா, போனிட்டோ

இன்று நடந்தது என் திட்டத்தில் இல்லாதது. நேப்பிள்ஸிலிருந்து மலைப்பக்கம் போகும் பஸ்ஸில் க்ரோட்டாமினார்தா வரை வந்து இறங்கினேன். அங்கிருந்து போனிட்டோ கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர். போனில் பார்த்த டைம்டேபிளில் பஸ் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு அது கிடையாது என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை இறங்கிய பிறகுதான் படித்தேன். மதியம் ஒன்றரை மணி. கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கிவிட்டன. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எங்கோ ஒரு வீட்டிலிருந்து தட்டுகள் மோதும் சத்தமும் தக்காளிக் குழம்பு கொதிக்கும் வாசமும் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு காபிக்கடை திறந்திருந்தது. "போனிட்டோ?" என்றேன். கடைக்கார அம்மா கடிகாரத்தைக் காட்டி, விரலை ஆட்டி, இல்லை என்றார். பிறகு என் காலைப் பார்த்தார். பிளாஸ்டர் ஓரத்தில் ரத்தம் கசிந்திருந்தது. என்னை உட்கார வைத்துவிட்டு யாருக்கோ போன் போட்டார். பத்து நிமிஷத்தில் அவருடைய மருமகன் காரில் வந்தார், சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்போல, கழுத்தில் துண்டு அப்படியே இருந்தது. பெட்ரோலுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று 10 யூரோவை நீட்டினேன். அந்த அம்மா என் கையை மூடி, அந்தக் கையின் மேலேயே ஒரு தட்டு தட்டினார். எங்கள் ஊரில் பெரியவர்கள் காசை மறுக்கும் அதே மாதிரி.

வழியெல்லாம் மேடு பள்ளமாக வயல்கள், ஆலிவ் மரங்கள், உச்சிகளில் காற்றாலைகள். திராட்சைக் கொடிகளில் கறுத்த குலைகள் இன்னும் தொங்கின. அல்யானிகோ என்ற இந்த ரகத்தைக் குளிர் தொடங்கிய பிறகுதான் பறிப்பார்களாம். பயிர் தாமதமாகத்தான் வரும் என்று மருமகன் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்.

வீட்டோடு சேர்ந்த ஒரு அறை, 45 யூரோ. இரவு வீட்டுக்கார அம்மா, கேட்காமலே, கையால் உருட்டி விரலால் அழுத்திய பாஸ்தாவைத் தக்காளிக் குழம்போடு கொண்டுவந்து வைத்தார். ஆயா கொழுக்கட்டை பிடிக்கும்போது விரல் பதியும், அதே பதிவு ஒவ்வொன்றிலும் இருந்தது.

செப்டம்பர் 29, திங்கள். போனிட்டோ

சின்ன ஊர். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். அரைமணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். காற்று சில்லென்று அடிக்கிறது. சுவர்களில் பெரிய பெரிய வண்ண ஓவியங்கள். 1962 பூகம்பத்தில் பழைய கட்டடங்கள் நிறைய அடி வாங்கிவிட்டன, அதனால் 1898இன் போனிட்டோவைக் கண்ணால் தேடினால் கிடைக்காது. ஒரு சின்னக் கோயிலில் வின்சென்சோ கமூசோ என்ற பெயரில் கெடாமல் காய்ந்துபோன ஒரு உடல் இருக்கிறது. ஊரார் அதனிடம் வேண்டிக்கொள்வார்கள். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன், அதிக நேரம் நிற்க முடியவில்லை.

காபிக்கடையில் நான்கு பெரியவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஃபெர்ரகாமோ என்றதும் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். போன் மொழிபெயர்ப்பு திணறியது. கிடைத்த வரை: ஒருவருடைய அப்பா பெல்ஜியச் சுரங்கத்துக்குப் போனவர், இன்னொருவர் சுவிட்சர்லாந்தில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவர். "இந்த ஊரில் எல்லோரும் போனவர்கள்தான். அவரும் போனார். ஆனால் பெண் எடுக்கத் திரும்பி வந்தார்" என்றார் மூத்தவர்.

அது வாண்டா மிலெத்தியைச் சொன்னது. இந்த ஊர் டாக்டரின் மகள். 1940இல் கல்யாணம், ஆறு பிள்ளைகள். 1960 ஆகஸ்ட் 7இல் ஃபெர்ரகாமோ இறந்தபோது வாண்டாவுக்கு 38 வயது. அதுவரை ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. விற்றுவிடச் சொன்னவர்களிடம் விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஆபீஸில் போய் உட்கார்ந்தார். அப்பாவிடம் வேலை கற்றிருந்த மூத்த மகள் ஃபியாம்மா டிசைனைப் பார்த்துக்கொண்டார். முன்னால் சின்ன ரிப்பன் முடிச்சு வைத்த வாரா ஷூ, 1978இல் ஃபியாம்மா செய்தது. அதன் சாயலில் எத்தனை ஆர்டர் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது! செருப்போடு நின்ற பெயரைப் பை, உடை, பட்டுத்துணி என்று வளர்த்தவர் வாண்டா. 2018இல் 96 வயதில் இறந்தார். உலகம் ஒரு பெயரைச் சொல்கிறது. நான் இரண்டு பெயராகச் சொல்வேன். அப்பா போன பிறகு வீட்டுக் கடனை அடைக்கத் தையல் மெஷின் முன் உட்கார்ந்த என் அம்மாவை நினைத்துச் சொல்கிறேன்.

நான் நொண்டுவதை மூத்தவர் கவனித்துவிட்டார். ஷூவைக் கழற்றி விரலை விட்டு அந்த இடைவெளியைக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டாரா தெரியாது. எனக்குத்தான் திடீரென்று தோன்றியது. கடைக்காரரிடம் ஒயின் பாட்டில் தக்கை கேட்டேன். நான்கைந்து கொடுத்தார். பெரியவர் தன் பேனாக்கத்தியை விரித்து நீட்டினார். தக்கையை நீளவாக்கில் சீவி, ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் கத்தி முனைபோல் மெலிந்தும் வருமாறு இழைத்து, உள்ளே காலுக்கடியில் ஒட்டியிருக்கும் சாக் லைனிங்கை மெல்ல உரித்து, வளைவுக்கு நேராக வைத்து மூடினேன். நான்கு பேரும் சீட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

எழுந்து நடந்தேன். இடது கால் பாரம் மாறியது அப்படியே தெரிந்தது. யாரோ கீழேயிருந்து உள்ளங்கையால் தாங்குவதுபோல. விரல்கள் பின்வாங்கின. வலது கால் சரிவரவில்லை, தக்கை ஒரு பக்கமாக நழுவி உறுத்தியது. மறுபடி கழற்றி, இன்னொரு தக்கை சீவி, மூன்றாவது தடவைதான் உட்கார்ந்தது. கோயில் மேட்டிலிருந்து ஊர் எல்லை வரை நடந்தேன். சரிவில் இறங்கும்போதும் கால் முன்னால் போகவில்லை. அங்கேயே நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். "என்னாடி அழுவுற, கால் வலிக்குதா?" என்றாள். வலிக்கலம்மா என்றேன்.

செப்டம்பர் 30, செவ்வாய். நேப்பிள்ஸ்

காலை பஸ் சரியாக வந்தது. நேப்பிள்ஸ் சத்தமும் ஹாரனும் பால்கனித் துணிகளுமாக ஊர் நினைவைக் கொண்டுவந்தது. பீட்சா மார்கரிட்டா 6 யூரோ, தட்டைத் தாண்டித் தொங்குகிறது. ஒரு கடையில் ஒருவர் ஒரு காபி குடித்துவிட்டு இரண்டுக்குக் காசு கொடுத்தார். அடுத்து வரும் காசில்லாத யாருக்கோ அந்தக் காபி. இங்கே பழைய வழக்கமாம். நானும் ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுத்தேன். பதினோரு வயதில் தொழில் கற்க இந்தத் தெருக்களுக்கு வந்த பையனுக்கு அப்படி யாராவது ஏதாவது வாங்கிக் கொடுத்திருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். நாளை காலை விமானம்.

அக்டோபர் 4, சனி. ஆம்பூர்

போட்டுத் திரும்பிய அதே ஷூவோடு சாம்பிள் ரூமுக்குப் போனேன். பேட்டர்ன் மாஸ்டர் முன்னால் மேஜையில் வைத்து சாக் லைனிங்கை உரித்தேன். இடது தக்கையில் என் உள்ளங்கால் வளைவு அப்படியே பள்ளமாகப் பதிந்திருந்தது. ஒரு ஓரத்தில் ஒயினின் ஊதாக் கறை. கேஜ் வைத்து அளந்தோம். கனமான இடத்தில் 4 மில்லி, வலதில் நான்கரை.

"லாஸ்ட்லயே இடுப்பு, அந்த வளைவு வர்ற நடுப்பகுதி, தட்டையா இருக்கு. ஷாங்க மட்டும் மாத்துனா பத்தாது" என்றார் மாஸ்டர்.

"அப்போ லாஸ்ட்ட மாத்தணும் மாஸ்டர். பையர்கிட்ட நானே பேசுறேன்."

அவர் சில்வர் பேனாவை எடுத்து அச்சின் உள்பக்கத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு என் காலைக் காட்டச் சொல்லி, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.